ஏழாவது வெட்டுக்கு முன்னால்

செங்கோடனை நான் முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரின் கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கன்னத்தைப் பாதி மறைக்கிற மீசை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நின்றார். அது தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆடி மாதம்.

கடை கோயம்புத்தூர் கோட்டைமேட்டில், அமீர் ஹம்சா பாயுடையது. வீடியோ கேசட் வாடகைக்கு விடுவோம். விசேஷ வீடுகளுக்கு டெக் கொண்டுபோய்ப் படம் போட்டுக் காட்டுவதும் உண்டு. புளியம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல். அரசாங்க வேலை வருகிறவரை சும்மா இருக்க வேண்டாமென்று கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கேசட் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் பாய், “தம்பி பி.எஸ்ஸி.” என்று சொல்லுவார். கேசட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் வேண்டாமென்று சொன்னதில்லை.

“ஏனுங்க அப்புனு,” என்றார் செங்கோடன், “‘தியேட்டரில் காணாத காட்சிகளுடன்’னு போட்டிருக்குதுங்களே, அது நெசந்தானுங்களா?”

“கம்பெனிக்காரங்க அப்பிடித்தாங்ணா சொல்றாங்க. கேசட் இன்னும் வரலீங்க.”

“ஏழாவது வெட்டுல என்ன சேத்திருக்கறாங்கன்னு கேட்டுச் சொல்ல முடியுங்களா?”

படம் ‘எட்டு வெட்டு’. அதற்கு முந்தின வருஷம் வந்தது. தன் வீட்டைக் குடும்பத்தோடு கொளுத்திப்போட்ட எட்டுப் பேரைக் கதாநாயகன் ஒவ்வொருவராகத் தேடிப் போய் வெட்டுவதுதான் கதை. பாட்டு கம்மி, ரத்தம் ஜாஸ்தி. தியேட்டரில் சீக்கிரமே தூக்கிவிட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட படங்களுக்கு வீடியோவில் நல்ல கிராக்கி.

“படம் புடிச்சிருந்துச்சுங்களா?” என்றேன்.

“புடிக்கறதென்னுங்க. அந்த ஏழாவது ஆளே நாந்தானுங்க.”

போஸ்டரை உற்றுப் பார்த்தேன். கீழ் மூலையில் எட்டு முகங்கள் வரிசையாக இருந்தன. ஏழாவது முகத்தில் அதே மீசை. கண் இரண்டும் வெறித்துத் திறந்திருந்தன. போஸ்டரிலிருப்பவர் எதிரே நின்று நம்மிடம் பேசுவது எனக்கு முதல் அனுபவம். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன்.

அவர் சொன்ன கதை இது.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கூகலூர் பக்கம் அவருக்குக் கரும்புக் காடும், வெல்லம் காய்ச்சுகிற ஒரு கரும்பாலையும் இருந்தன. சினிமாக்காரர்கள் அங்கே வந்து படம் பிடித்தார்கள். ஏழாவது ஆளாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் ஆலைக்காரரின் மீசையைப் பார்த்தார். “அண்ணே, நீங்களே செத்துடுங்க” என்றார். செங்கோடனும் சரியென்றார். கரும்புக் காட்டிலிருந்து வெளியே வர வேண்டும், கதாநாயகன் வெட்டுவான், தடப்பள்ளி வாய்க்காலில் விழுந்து கண்ணைத் திறந்தபடி கிடக்க வேண்டும். அவ்வளவுதான் வேஷம்.

“நல்லாத்தானுங்க விழுந்தேன். டைரக்டரே கை தட்டுனாரு. அதுக்கப்பறந்தானுங்க வெசனமே.”

சினிமாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்ததாக நடித்தவர் அந்த ஷாட் முடிந்ததும் எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். படத்தில் அது வராது. செத்தது பொய், இருப்பது மெய் என்பதற்கான சாங்கியம் அது. சிரிக்காமல் போனால் ஆளுக்கு ஆகாது என்பார்கள்.

செங்கோடன் விழுந்து கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கேமராவுக்குக் குடை பிடிக்க ஓடினார்கள். அவர் சிரித்தாரா, சிரித்ததைப் படம் பிடித்தார்களா?

“சிரிச்சேன்னுதானுங்க ஞாபகம். ஆனா வாய்க்கால்ல கெடக்கயில ஒரு நண்டு வேற முதுகுல புடுங்கிப்போட்டுது. ‘ஆ’ன்னு எந்திரிச்சேன். நண்டுக்கு எந்திரிச்சது மொதல்லயா, சிரிக்க எந்திரிச்சது மொதல்லயா, இல்ல ரெண்டும் ஒண்ணேதானான்னு இப்ப எனக்கே கொழப்பமா இருக்குதுங்க.”

அவர் மனைவி சென்னியம்மாள் படம் பார்க்கப் போகவில்லை. தாலி கட்டியவன் வெட்டுப்பட்டுச் சாவதைக் காசு கொடுத்தா பார்ப்பார்கள்? பார்த்துவிட்டு வந்த தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: “விழுந்தாரு, சரி. எந்திரிச்சுச் சிரிச்சாரா?” “இல்லியேக்கா, அப்பிடியேதான் கெடந்தாரு.” சிரிப்பைப் படத்தில் காட்ட மாட்டார்கள் என்று செங்கோடன் எவ்வளவோ சொன்னார். சென்னியம்மாள் திருப்பிக் கேட்டார்: “அத்தன வெட்டக் காட்டுனவன் ஒரு சிரிப்பக் காட்ட மாட்டானா?”

அடுத்த மாதமே, கரும்பு ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்து செங்கோடனுக்குக் கால் ஒடிந்தது. கவிழ்ந்தது அதே வாய்க்கால் மேட்டில். அதோடு சென்னியம்மாள் முடிவு கட்டிவிட்டார்.

“சோறு போடறா, சண்டை போடறா, எல்லாஞ் செரிதானுங்க. ஆனா புள்ள லோகப்பிரியாளுக்குத் தை மாசம் கல்யாணம். என்ற கையால தாரை வாத்துக் குடுக்கக் கூடாதுங்கறா. ஊரறிய வெட்டுப்பட்டுப் போன கையாம். எங்கண்ணன் அழகிரிசாமி நின்னு குடுக்கோணுமாம். நானு உசுரோட பந்தியில எலை போட்டுட்டு நிக்கோணுமாம்.”

துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் துண்டால் போஸ்டரில் இருந்த தூசியைத் தட்டினார்.

“அந்தச் சிரிப்பு மட்டும் கேசட்டுல இருந்துச்சுன்னா போதுமுங்க.”

அதற்குப் பிறகு கோவைக்கு வெல்ல மண்டிக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்தார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். “செரி, வாரேனுங்க” என்று காலை இழுத்துக்கொண்டு போய்விடுவார். பாய் அவருக்கு ‘ஏழாவது’ என்றே பெயர் வைத்துவிட்டார். “தம்பி, ஏழாவது வர்றாரு, டீ சொல்லு.”

புரட்டாசியில் கேசட் வந்தது. அன்றைக்கே தகவல் சொல்லி வரவழைத்தோம். மறுநாள் முற்பகலில், கடை டி.வி.யிலேயே போட்டோம். முதல் ஆறு பேரையும் வேகமாக ஓட்டித் தள்ளினேன். ஏழாவது வந்ததும் மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்தோம்.

செங்கோடன் கரும்புக் காட்டிலிருந்து வெளியே வருகிறார். அரிவாள் இறங்குகிறது. மறுபடியும் இறங்குகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடியும்.

“ஏனுங்க, மூணு தடவ வெட்டறாங்க? நானு ஒருக்காத்தானே விழுந்தேன்?” அவர் குரலே மாறிவிட்டது.

தியேட்டரில் காணாத காட்சி என்றால் இதுதான் போலிருக்கிறது. ஒரு வெட்டை மூன்றாக்கி நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். ஒரு தடவை செத்ததற்கே தாரை வார்க்கக் கூடாதென்றால், மூன்று தடவைக்கு என்ன சொல்வார்களோ என்று எனக்குள் ஓடியது. சொல்லவில்லை.

அப்போதுதான் அது வந்தது. வாய்க்காலில் கிடந்த பிணம் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் பல்லைக் காட்டியது. உடனே காட்சி மாறி, கதாநாயகன் எட்டாவது ஆளைத் தேடி ஜீப்பில் போய்க்கொண்டிருந்தான்.

“சிரிப்பு!” என்று கத்தினார் செங்கோடன். கத்திய வேகத்திலேயே அடங்கினார். “இல்ல... இது நண்டுங்களா?”

திரும்ப ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கின. மூக்குக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பல் மட்டும் தெரிந்தது.

“பல்லு தெரிஞ்சா சிரிப்புதான் கவுண்டரே,” என்றார் பாய். பிறகு அவரே தாடியைத் தடவினார். “ஆனா பல் டாக்டர்கிட்டப் போறவனும் பல்லைத்தானே காட்டுறான்?”

“தம்பி பி.எஸ்ஸி.யாச்சுங்களே, நீங்க சொல்லுங்க” என்றார் செங்கோடன்.

நான் மறுபடி நிறுத்தினேன், ஓட்டினேன், நிறுத்தினேன். ஒளியைப் பற்றி மூன்று வருஷம் படித்திருக்கிறேன். ஒரு மனுஷன் பல்லைக் காட்டினால் அது சந்தோஷமா வலியா என்பதற்கு எந்தப் பாடமும் இல்லை. “தெரியலைங்ணா” என்றேன்.

கெட்டுப்போன ஷாட்டைக் கம்பெனிக்காரர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டியிருப்பார்கள். அந்த வாரம் கேசட் எடுத்துப் போனவர்கள் எல்லோரும் குழம்பிப் போய்த் திரும்பி வந்தார்கள். “ஏப்பா, அந்த ஏழாவது ஆளு சாகலையா? அப்ப கணக்கு எட்டு எப்படி வரும்?” என்று ஒருவர். “செத்த மாதிரி ஏமாத்திட்டான். ரெண்டாம் பாகத்துல அவன்தான் வில்லன், பாரு” என்று அவரோடு வந்தவர். ரெண்டாம் பாகம் எப்போது வருமென்று கேட்டு ஒருவர் முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

செங்கோடன் மட்டும் தெளிவாக ஒரு காரியம் செய்தார். “பாக்கறது அவதானே, அவளே சொல்லட்டும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை டெக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, காந்திபுரத்தில் கோபி பஸ் ஏறினேன். கேசட் என் சட்டைக்குள் இருந்தது.

வீட்டில் டி.வி. இருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் அழகிரிசாமி நாற்காலியில். கல்யாணப் பெண் லோகப்பிரியா தூணில் சாய்ந்து. சென்னியம்மாள் சமையல்கட்டு வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சைக்காய் உரித்தார். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

“ஏங் கண்ணு, கோயமுத்தூர்ல இருந்து இதுக்குன்னே வந்தியா?”

“ஆமாங்க்கா.”

“படிச்ச புள்ளையாட்ட இருக்கற. இவரு பேச்சக் கேட்டுட்டு வந்திருக்கறியே.”

அழகிரிசாமி சிரித்தார். “அம்மிணி, தம்பி கை செத்துப்போன கையின்னா, போன வாரம் என்ற தோட்டத்துல எளநி வெட்டிக் குடிச்சது யாரு, பேயா?”

கணவனின் அண்ணனுக்கு நேரே பதில் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. சென்னியம்மாள் மொச்சைக்காயைப் பார்த்துச் சொன்னார். “எளநி குடிக்கலாம். புள்ளைய தாரை வாக்கறது வேற. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும்.” அதில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஏழாவது காட்சிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டேன். செங்கோடன் காட்டிலிருந்து வந்ததும் சென்னியம்மாள், “மீசைய முறுக்கி உட்டிருக்கறானுக பாரு” என்றார். அரிவாள் ஓங்கியதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெட்டு விழுந்தது, மூன்று தடவை. தண்ணீர் சிதறியது. பிணம் கிடந்தது.

“அம்மா, பாரு, இப்ப வரும் பாரு!” என்றாள் லோகப்பிரியா.

“மாட்டேன்.”

“ஏய், கண்ணத் தொறடி! இதுக்குத்தான்டி அலஞ்சேன்!” என்று செங்கோடன் எழுந்தே விட்டார்.

பிணம் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. காட்சி மாறியது. முந்தானை அசையவில்லை.

மறுபடி காட்டலாமென்று, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓட்டுகிற பொத்தானை அழுத்தினேன். அப்படி அழுத்தினால் படம் திரையில் தெரிந்தபடியே தலைகீழ் வரிசையில் ஓடும். டெக் ‘கிர்ர்’ என்றது. அந்தச் சத்தத்துக்கு, முடிந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, சென்னியம்மாள் முந்தானையை விலக்கினார்.

திரையில் அவர் புருஷன் வாய்க்காலில் கிடந்தார். சிதறிய தண்ணீரெல்லாம் ஓடிவந்து வாய்க்காலில் சேர்ந்துகொண்டது. கிடந்தவர் கையை ஊன்றாமலே நேராக எழுந்து நின்றார். வேட்டி காய்ந்திருந்தது. கழுத்தில் வழிந்த ரத்தம் உள்ளே போயிற்று. அரிவாள் அவரை விட்டு விலகி மேலே போயிற்று. மூன்று தடவையும் போயிற்று. கடைசியில் அவர் மீசையும் மினுக்குமாக, பின்பக்கமாக அடி வைத்து நடந்து கரும்புக் காட்டு ஓரத்துக்குப் போனார்.

“நிறுத்து கண்ணு!”

பதறிப்போய் நிறுத்தினேன். டி.வி. வெறும் நீலமானது.

“இப்ப அவரு எங்க நிக்கறாரு?”

எனக்குக் கேள்வி புரியவில்லை. “இதோ உங்க பின்னாலதாங்க்கா...”

“அதுல கண்ணு. அந்தப் படத்துல.”

“காட்டோரத்துலங்க.”

“உசுரோடவா?”

“உசுரோடதானுங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. காயம் கீயம் ஒண்ணுமில்லியே?”

“இல்லைங்க.”

சென்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். “அப்பிடியே இருக்கட்டும். அதுக்கு மேல ஓட்ட வேண்டாம்.”

எனக்கு நாக்கு அரித்தது. “அக்கா, அது எந்திரிச்சதில்லைங்க. நாடா பின்னால ஓடுறதுங்க. அதே படந்தான், திருப்பி...”

“அதெனக்குந் தெரியுது கண்ணு. திருப்பி ஓட்டுனியோ முன்னால ஓட்டுனியோ, அவரு எந்திரிச்சாரா, இல்லியா?”

“எந்திரிச்சாருங்க.”

“நடந்தாரா?”

“நடந்தாருங்க.”

“என்ற கண்ணால பாத்துட்டேன். அப்பறம் என்ன?”

அழகிரிசாமியைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி எழுந்தார். “அப்பாடா. நான் தப்பிச்சேன்” என்றார். லோகப்பிரியா அம்மாவின் தோளை இடித்தாள். “இன்னுங் கொஞ்சம் பின்னால ஓட்டச் சொல்லும்மா. எரிஞ்சு போன அந்த ஊடும் சரியாயிரும்.” “போடி, அடுத்தவன் ஊடு நமக்கெதுக்கு” என்றார் சென்னியம்மாள். சொல்லும்போதே மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

செங்கோடனின் முகத்தைத்தான் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஜெயித்தவர் மாதிரியும் இருந்தார், எதையோ தொலைத்தவர் மாதிரியும் இருந்தார். “அந்தச் சிரிப்ப நீ பாக்கவே இல்லியே” என்றார்.

“எந்தச் சிரிப்பு?”

“அதுக்குத்தானடி நாயாட்ட அலைஞ்சேன்!”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்க. நடந்ததே போதும்.”

கிளம்பும்போது கேசட்டை வெளியே எடுக்கப் போனேன். சென்னியம்மாள் குறுக்கே வந்தார். “அத எங்க கொண்டு போற?” கடைக்கு என்றேன். “அங்க கொண்டு போயி, யாராவது முன்னால ஓட்டுனா மறுக்கா வெட்டுவானே.” ஊரெல்லாம் இதே படம் இன்னும் எத்தனையோ கேசட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். செங்கோடன் பின்னாலிருந்து வேண்டாமென்று கையைக் காட்டினார். டெக்கை மட்டும் துணியில் சுற்றினேன்.

மறுநாள் பாய் கேட்டார். “கேசட் எங்கப்பா?”

“நிக்குதுங்க பாய்.”

“எங்க நிக்குது?”

“ஆறாவது வெட்டுக்கும் ஏழாவது வெட்டுக்கும் நடுவுல.”

நடந்ததைச் சொன்னேன். “அந்தம்மா சொல்றது தப்புன்னு தோணுது,” என்றார் பாய். “எங்க தப்புன்னுதான் தெரியல. உனக்குத் தெரியுதா?” எனக்கும் தெரியவில்லை. “பி.எஸ்ஸி. படிச்சவனுக்கே தெரியலைன்னா விடு” என்று அடுத்த கேசட்டை எடுத்துத் துடைத்தார்.

தை மாதம் கல்யாணத்துக்கு நானும் பாயும் போனோம். செங்கோடன் பட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் சென்னியம்மாள் நிற்க, மகள் லோகப்பிரியாவை மாப்பிள்ளை கிருபாசங்கருக்குத் தாரை வார்த்துக் கொடுத்தார். வீடியோ எடுக்க வந்தவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, “பெரியவரே, இங்க பாத்துச் சிரிங்க” என்றார். செங்கோடன் கேமராவைப் பார்த்து வாய் கொள்ளாமல் பல்லைக் காட்டினார். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய்க்காலில் பார்த்த அதே பல், அதே வாய். அப்படியானால் அது சிரிப்புதானா? இல்லை, இவர் எப்போதும் நண்டு கடித்த மாதிரிதான் சிரிப்பாரா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிப் பார்த்தோம். முடிவு வரவில்லை.

எனக்குப் பிறகு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. பாய் கடையில் இப்போது சி.டி.தான் அதிகம். செங்கோடன் கூகலூர் பக்கத்தில் அதே ஆலையை ஓட்டி வெல்லம் காய்ச்சுகிறார், பேத்தி பிறந்திருக்கிறாள். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. கேசட் அவர் வீட்டுச் சாமி மாடத்தில், ஏழாவது வெட்டுக்கு முன்னால் நிறுத்தியபடியே இருக்கிறது.